ரொமெல் சொன்ன ஓம்

பதினொரு வருடம் செங்கதிரோன் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தவன் நான். இருந்தேன் என்பதைவிட மாட்டுப்பட்டிருந்தேன் என்பதுதான் சரி. இல்ஃபோர்ட்டில் ஒரு தமிழ்க் கழகத்துக்குச் செயலாளராவது மிகச் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்குப் போய், வடை நன்றாயிருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும். வெளியே வருவதுதான் பெரும்பாடு. தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும், பொருளாளர் பதவிக்கும் போட்டி இருக்கும். செயலாளர் என்றதும் அத்தனை பேரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள்.

செயலாளருக்கு ஒரு கறுப்புப் பை உண்டு. கூட்டக் குறிப்புப் புத்தகம், ரப்பர் முத்திரை, மண்டபக் கதவுகளின் திறப்புக் கோர்வை, காப்புறுதிப் பத்திரங்கள், கழக விதிகளடங்கிய யாப்பு எல்லாம் அதற்குள். அதைச் சுமந்து சுமந்து என் வலது தோள் சரிந்துபோய்விட்டது என்று மனைவி இம்மாகுலேற் சொல்வாள். சனிக்கிழமை விடிந்தால் யாராவது தொலைபேசி எடுத்து "திறப்பு எங்கை?" என்பார்கள். ஒருமுறை விளையாட்டு விழா மலரில் பிரதம விருந்தினரின் படம் சிறப்பு விருந்தினரின் படத்தைவிடச் சின்னதாகிவிட்டது. அவர் என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. அந்த இரண்டு வருடமும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இந்தப் பையை நான் ரொமெலின் தோளில் மாட்டிவிட்ட கதை இது. எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் நான் செய்தது துரோகம். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொமெல் பிலிப்பைன்ஸ்காரன். இலோய்லோ என்ற ஊரில் ஒரு கம்பனி அணிக்குக் கூடைப்பந்து விளையாடியவன். முழங்கால் போனபிறகு, தாதியாக வேலை பார்க்கும் மனைவி மரிசெலோடு லண்டன் வந்து ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்தான். நாற்பத்தொரு வயது. நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் அவர்களும் பத்து மணிப் பூசைக்கு வருவார்கள். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்க, அவன் பின்முற்றத்தில் துருப்பிடித்த வளையத்துக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. என் மகள் றொசானா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். அடுத்த வாரமே அவன், றொசானா ஆடும் எங்கள் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப் பயிற்றுநர்.

அவனும் நானும் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழில் அவனுக்கு அப்போது மூன்றே சொற்கள் தெரியும். முதலாவது 'அண்ணை'. உங்களுடைய 'குயா'தான் எங்களுடைய அண்ணை என்று நானே சொல்லிக்கொடுத்தேன். மற்ற இரண்டையும் அவனாகவே என் தொலைபேசிப் பேச்சிலிருந்து பொறுக்கிக்கொண்டான். பந்துகளைக் காரில் ஏற்றும் நேரமெல்லாம் நான் யாருக்கோ "ஓம்… ஓம்… ஓமோம்… சரி, பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"ஓம் என்றால் என்ன?" என்று ஒருநாள் கேட்டான்.

"யெஸ்" என்றேன்.

"ஒரு நாளைக்கு இருநூறு தரம் யெஸ் சொல்கிறீர்களே, அண்ணை."

"அது அந்த யெஸ் இல்லை. நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான்."

அவனுக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊரிலும் பெரியவர்கள் பேசும்போது நடுவே நடுவே இப்படி ஒரு மரியாதைச் சொல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டுமாம். அதன்பிறகு யார் எது சொன்னாலும் ஓம், ஓம் என்பான். எங்கள் ஆட்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"அப்போ பார்ப்பம்?"

"வீ வில் சீ" என்றேன். அதன் மற்றக் கருத்தை நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குப் பார்ப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். முகம் முறியாமல் சொல்லும் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பார்ப்பம்" என்று சொன்னால், பெண்வீட்டார் அடுத்த சம்பந்தத்தை விசாரிக்கத் தொடங்குவார்கள்.

போன கோடையில் ரொமெலின் பெண்கள் கிழக்கு லண்டன் கிண்ணத்தை வென்றார்கள். கழகத்துக்குப் பத்தொன்பது வருடத்தில் கிடைத்த முதல் கிண்ணம். அக்டோபரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.

"ஞாயிறு கூட்டத்துக்கு மரிசெலையும் கூட்டிக்கொண்டு வா, உனக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

அவன் அன்னாசி நாரில் நெய்த, உள்ளே தெரிகிற மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் கலியாணத்துக்குப் போடுவதாம். மரிசெல் தலைமயிரைச் சுருட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி முன்வரிசையில் இருந்தாள். கூட்டம் முழுவதும் தமிழில் நடந்தது. அவன் ஒவ்வொரு பேச்சுக்கும் மரியாதையாக ஓம், ஓம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தான்.

புதிய செயலாளர் தெரிவு வந்தது. எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன்.

"எங்களுக்குக் கிண்ணம் வெண்டு தந்த தம்பி ரொமெலை நான் முன்மொழியிறன்."

வழிமொழிய ஏழு கைகள் எழும்பின. தங்கள் தலை தப்பிய சந்தோஷம் ஏழு முகத்திலும் தெரிந்தது. தலைவர் கணேசலிங்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எதையும் மெதுவாக நிறுத்துத்தான் பேசுவார். ரொமெலின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்கட கழகத்தின்ரை பொறுப்பை ஏற்க உமக்குச் சம்மதமோ?"

ரொமெல் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"ஓம்" என்றான். பிறகு நெஞ்சில் கைவைத்து, "ஓம், ஓம்" என்றான்.

மண்டபம் கைதட்டியது. பொன்னாடை விழுந்தது. மரிசெல் அழுதுகொண்டே படம் எடுத்தாள். கறுப்புப் பையை நான் என் கையாலேயே அவன் தோளில் மாட்டினேன். பரிசு என்று நினைத்து உடனே திறந்து பார்த்தான். ரப்பர் முத்திரையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கார் நிறுத்துமிடத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"செக்ரட்டரியா? நானா?"

"ஒரு வருடம்தானே" என்றேன். எனக்கும் பதினொரு வருடத்துக்கு முன் இதைத்தான் சொன்னார்கள்.

மறுத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மரிசெல் அதற்குள் படத்தை இலோய்லோவுக்கு அனுப்பிவிட்டாள். லண்டனில் மகன் பெரிய அதிகாரியாகிவிட்டான் என்று அவன் தாய் அதைச் சட்டம்போட்டு வீட்டு முகப்பில் மாட்டிவிட்டாளாம். அயலட்டை வந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். இரண்டு நாள் கழித்து இதைச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் எனக்கு வசதியான மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிவரை புட்டுச் சாப்பிட்டேன். தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டாவது தேத்தண்ணியும் குடித்தேன். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். பதினொரு வருடச் சனிக்கிழமைகளையும் ஒன்றாகத் திருப்பித் தந்ததுபோல் இருந்தது.

பத்தாம் நாள் ரொமெல் என் வீட்டுக் கதவைத் தட்டினான். தோளில் பை. கையில் ஒரு கடிதம். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். முதியோர் இல்லத்து ஊதாச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"செயலாளருக்குக் கடிதம் வந்திருக்கிறது, அண்ணை. தமிழில் இருக்கிறது. வாசித்துச் சொல்லுங்கள்."

எழுதியவர் ஜெராட். அணியில் ஆடக் கிடைக்காமல் எப்போதும் ஓரத்து வாங்கிலேயே இருக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன். விஷயம் இரண்டே வரி. யாப்பின் பதினான்காம் விதிப்படி நிர்வாகசபை உறுப்பினர் எவரும் அணிப் பயிற்றுநராக இருக்க முடியாது. ஆகவே செயலாளர் ரொமெல் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து உடனே விலகவேண்டும். அந்த இடத்தைத் தான் பொறுப்பேற்கத் தயார்.

தன்னை நீக்கச் சொல்லும் கடிதத்தைத் தானே கொண்டுவந்து என்னிடம் நீட்டிக்கொண்டு, வாசித்து முடிக்கும்வரை ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தான் அந்த மனிதன்.

பதினான்காம் விதியை எழுதியவன் நான். எட்டு வருடத்துக்கு முன் நிர்வாகசபையில் இருந்த ஒருவர் தானே பயிற்றுநராகி, தன் இரண்டு மகன்மாரையும் மட்டும் விளையாட விட, மற்றத் தகப்பன்மார் அடிக்கக் கதிரையைத் தூக்கிவிட்டார்கள். அந்தக் கூத்துக்குப்பிறகு எழுதிய விதி அது. தகப்பன்மாரைத் தடுக்க எழுதினேன். இப்போது அதையே பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் உள்ளே வருகிறார். பிள்ளையே இல்லாத ரொமெல் வெளியே போகிறான். செயலாளர் பையை இறக்கிவைக்கலாம் என்றால், அதை வாங்க இன்னொருவர் வேண்டும்.

விதியை மறந்துபோனேன் என்று அன்று அவனிடம் சொன்னேன். மறக்கவில்லை. கூட்டத்தில் முன்மொழிய எழும்பும்போதே அது ஞாபகம் வந்தது. யார் யாப்பை வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

அவன் என் குசினிக் கதிரையில் இருந்து, முதல் தடவையாகத் தன் விஷயத்தைச் சொன்னான். சட்டன் என்ற இடத்தில் ஒரு கல்லூரி முழுநேரக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒருவரைத் தேடுகிறது. அவனை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த தரப் பயிற்றுநர் சான்றிதழ் மட்டும் வேண்டும். பெப்ரவரியில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து, உண்மையான ஆட்டத்தில் அவன் அணியை நடத்துவதைப் பார்ப்பார். அது சரிவந்தால் இந்த ஊதாச் சட்டையைக் கழற்றிவிடலாம்.

"நீங்கள் எழுதிய விதிதானே, அண்ணை. அது தகப்பன்மாருக்கு எழுதியது, எனக்கில்லை என்று நீங்கள் ஒருதரம் சொன்னால் போதும். சொல்வீர்களா?"

"பார்ப்பம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். வீ வில் சீ என்றல்லவா நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, தலைவருக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைத் தொடங்கும்போதே அவர் முடித்துவிட்டார்.

"அதிலை என்ன பிரச்சினை, சூசை? நீர் பையைத் திரும்ப எடும். அவர் கோச்சா இருக்கட்டும்."

"சீச்சீ, நான் சும்மா கேட்டனான், கணேசண்ணை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மேசையில் புட்டு இருந்தது. அன்று சனிக்கிழமை.

மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. அணியை ஜெராட் எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் பூசை முடிய ரொமெல் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவான். நான் "பார்ப்பம், பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டு காருக்கு நடப்பேன். நன்றி சொல்வான்.

செயலாளர் வேலையை அவன் ஒழுங்காகவே செய்தான், அதுதான் கொடுமை. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் அறையில் இடைவேளைக்கு இருந்துகொண்டு கடிதம் எழுதுவான். கழக வட்ஸ்அப்பில் தொலைபேசி மொழிபெயர்த்த தமிழில் செய்தி போடுவான். "அன்பான பெற்றோர்களே, மண்டபத்தைப் புத்தகம் செய்துவிட்டேன்" என்று ஒருநாள் போட்டான். ஊரே சிரித்தது. அவனும் சிரிக்கும் முகமொன்று போட்டான். திறப்பு எங்கை என்று சனிக்கிழமை காலையில் அவனைத்தான் எழுப்பினார்கள். தை மாதத்தில் ஒருநாள் அவன் கோயில் படியேறி வரும்போது பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது.

வீட்டில் றொசானா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். "இந்தப் பிள்ளைக்கு என்ன செய்தியள்?" என்று இம்மாகுலேற் கேட்டாள். பரீட்சைக் காலம் என்றேன்.

பெப்ரவரி வந்தது. ஒரு பாடசாலை மண்டபத்தில் காலிறுதி ஆட்டம். மதிப்பீட்டாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்; கழுத்தில் விசில், கையில் தாள் செருகிய பலகை. வாசலில் அவரை வரவேற்று, கையெழுத்து வாங்கி, கதிரை போட்டுக் கொடுத்தவன் ரொமெல். அது செயலாளரின் வேலை.

"பயிற்றுநர் ரொமெல் எங்கே?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்" என்றான்.

"ஆட்டத்தை நடத்தப் போகவில்லையா?"

"இன்றைக்கு… மேசையில் எனக்குப் பொறுப்பு இருக்கிறது."

அவர் எதுவோ எழுதினார். ரொமெல் புள்ளி குறிக்கும் மேசையில் போய் இருந்தான். பத்தடி தள்ளி வாங்கில் ஜெராட். நான் எதிர்ப்பக்கம் பெற்றோர் வரிசையில், எல்லாம் தெரிகிற இடத்தில் இருந்தேன்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே மற்ற அணி எங்கள் பிள்ளைகளை முழு மைதானத்திலும் நெருக்கத் தொடங்கியது. பந்தை எடுத்தவளுக்கு மூச்சுவிட இடமில்லை. இந்த நெருக்கலை உடைக்க ரொமெல் ஒரு கோடை முழுவதும் பழக்கியிருந்தான். அவன் இரண்டு விரலைத் தூக்கினால் பிள்ளைகள் இடம்மாறி நிற்பார்கள். விரலைத் தூக்க அங்கே ஆளில்லை. ஜெராட் தன் மகளை இறக்கிவிட்டு, "ஓடு, ஓடு" என்று கத்திக்கொண்டிருந்தார். றொசானா பந்தைப் பிடித்தபடி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் மேசையைத்தான் பார்த்தார்கள்.

ரொமெலின் வலது கை மேசைக்குமேல் எழும்பி வந்தது. ஜெராட் பார்த்தார். ரொமெல் கையை இறக்கினான். பிறகு இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுத்தி இருந்தான். ஆட்டம் ஓடிய நேரமெல்லாம் அப்படியே இருந்தான். அந்தக் கைகளைக் கட்டியவன் நான்தான்.

அரைவாசி ஆட்டத்தில் மதிப்பீட்டாளர் தன் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, ரொமெலிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். றொசானா வியர்வையோடு என்னிடம் வந்தாள்.

"அப்பா. யூ ரோட் தட் ரூல். கோ அண்ட் ஃபிக்ஸ் இற்."

எழும்பிப் போனேன். தலைவர் வாசலில் நின்று மரக்கறி றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கணேசண்ணை, பதினாலாம் விதி ரொமெலுக்கு எழுதினதில்லை. தகப்பன்மாருக்கு எழுதினது. நான்தான் எழுதினனான், நான் சொல்லுறன். அவரை இப்ப வாங்கிலை இருத்துங்கோ. தேவையெண்டால் பையை நான் எடுக்கிறன்."

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"நல்லது, சூசை. எழுத்திலை தாரும். விசேட பொதுக்கூட்டம் கூட்டவேணும். இருபத்தொரு நாள் முன்னறிவித்தல். உமக்குத் தெரியுந்தானே, ஒன்பதாம் விதி. அதுவும் நீர் எழுதினதுதான்."

"ஆரிட்டைக் குடுக்கிறது?"

"செயலாளரிட்டை" என்றார்.

முப்பத்தெட்டுக்கு அறுபத்தொன்று என்று தோற்றோம். பிள்ளைகள் அழுதுகொண்டு போனார்கள். றொசானா தாயின் காரில் ஏறினாள், என் காரில் ஏறவில்லை. மண்டபத்தில் ரொமெல் தனியாகக் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். நானும் போய் இரண்டை மடித்தேன்.

"அந்த அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன். பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கியிருந்தது.

"அடுத்த முறை அடுத்த வருடம்தானாம். சட்டன்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார்கள்." ஆங்கிலத்தில், செய்தி வாசிப்பதுபோல் சொன்னான்.

என்னிடமிருந்த சொற்கள் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் செய்தது பிழை. விதி ஞாபகம் இருந்தும் உன்னை முன்மொழிந்தேன். மூன்று மாதம் சனிக்கிழமைப் புட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பையை என்னிடம் தா, நான் சாகும்வரை சுமக்கிறேன், நீ பிள்ளைகளிடம் போ. என்னை மன்னிப்பாயா?

அவன் கடைசிக் கதிரையை அடுக்கினான். பையை எடுத்துச் சரிந்த தோளிலேயே மாட்டிக்கொண்டான். திறப்புக் கோர்வையை எடுத்தான். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். கதவைப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். மிக மரியாதையாகச் சிரித்தான்.

"பார்ப்பம், அண்ணை."

அவன் அந்தச் சொல்லை என்னிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. கேட்டேன்.

"ரொமெல், அதுக்கு எங்கட ஆக்களிட்டை என்ன கருத்தெண்டு உனக்குத் தெரியுமோ?"

அவன் என் கண்ணை நேரே பார்த்தான்.

"ஓம்" என்றான்.